கார்ட்டூன் ஒளிவழிகள் இன்னும் எத்தனை நாளைக்கு? பெரிய கம்பெனிகள் இணைந்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

செங்காங் அம்மா
சனி, 13 டிசம்பர் 2025, இரவு 10:40

வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது, ஜனவரியில் தொடக்கநிலை 1-க்குப் போகிறான். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவதால் பிற்பகல் முழுக்க மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, கைப்பேசியில் எதையும் தேடி எடுக்கவும் தெரியாது. ஆனால் ரிமோட்டில் கார்ட்டூன் ஒளிவழிக்குப் போகிற பொத்தான் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறார். அவன் குளித்துச் சாப்பிட்டதும் அந்தப் பொட்டை அழுத்துவார், இரண்டு கார்ட்டூன் ஓடும், மூன்றாவதாக வருவது அவனுக்குப் பிடிக்காது என்பதால் அவனே எழுந்து லெகோ பெட்டியைத் தேடிப் போய்விடுவான். அழுகையும் இல்லை, சண்டையும் இல்லை.

இப்போது செய்தியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. 5-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ், கார்ட்டூன் நெட்வொர்க்கை வைத்திருக்கிற கம்பெனியிடமிருந்து வார்னர் பிரதர்ஸை வாங்க ஒப்பந்தம் போட்டது, அடுத்த திங்களே பாரமவுண்ட் வந்து பங்குக்கு 30 டாலர் தருகிறோம், எல்லாவற்றையும் எங்களுக்கே கொடுங்கள் என்கிறது. யார் வாங்கினாலும் கார்ட்டூன் நெட்வொர்க் மாதிரி ஒளிவழிகள் நிற்குமா, தொடருமா?

ஏற்கெனவே ஒரு தடவை பட்டுவிட்டோம். 2020 ஜூன் 1-ஆம் தேதி டிஸ்னியின் மூன்று ஒளிவழிகளும் இங்கே சிங்கப்பூரில் நின்றபோது என் மூத்த மகளுக்கு ஐந்து வயது. சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கம் முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம், பிள்ளை வீட்டிலேயே அடைந்து கிடந்தாள். டிஸ்னி பிளஸ் சிங்கப்பூருக்கு வந்ததோ 2021 பிப்ரவரி 23-இல்தான். கிட்டத்தட்ட ஒன்பது மாதம் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பிளேஅவுட் ஷிப்ட்
சனி, இரவு 11:25

அக்கா, நான் ஒளிபரப்புத் துறையில் பல வருடம், நிகழ்ச்சிகளை நேரப்படி ஒளிபரப்புக்கு விடுகிற பிளேஅவுட் அறையில் இரவு ஷிப்ட் பார்த்தவன், அதனால் எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

ஒரு பிள்ளைகள் ஒளிவழிக்கு வருமானம் இரண்டு வழியில் வரும். சந்தா நிறுவனம் வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு மாதாமாதம் கொடுப்பது ஒன்று, விளம்பரம் இன்னொன்று. பிள்ளைகள் பார்க்கிற நேரத்தில் எல்லா விளம்பரத்தையும் போட்டுவிட முடியாது, அதனால் இரண்டாவது எப்போதும் ஒல்லிதான். முதலாவது, வீடுகள் சந்தாவை விட விட, கரைந்துகொண்டே வருகிறது. இந்த நிலைமையில்தான் கம்பெனிகள் இணைகின்றன, இணையும்போது பெரும்பாலும் கடன் வாங்கித்தான் இணைகின்றன. அந்தக் கடனுக்கு வட்டி கட்ட எதை வெட்டலாம் என்று உட்கார்ந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது குறைந்த வருமானத்தில் ஓடுகிற இந்தச் சின்ன ஒளிவழிதான்.

2022 ஏப்ரலில், அப்போது கார்ட்டூன் நெட்வொர்க்கை வைத்திருந்த வார்னர்மீடியாவும் டிஸ்கவரியும் இணைந்தபோது புதிய நிறுவனத்தின் தலையில் 50 பில்லியன் டாலருக்கு மேல் கடன் இருந்தது. அந்த ஆகஸ்டிலேயே எச்பிஓ மேக்ஸ் என்ற தங்கள் இணையவழிப் படத் தளத்திலிருந்து பல கார்ட்டூன் தொடர்களை எடுத்துவிட்டார்கள். படைத்தவர்களே தங்கள் வேலையை யாரிடமும் காட்ட முடியாமல் போனது. அக்டோபரில் கார்ட்டூன் நெட்வொர்க் ஸ்டூடியோவின் குழுவையும் வார்னர் பிரதர்ஸ் அனிமேஷனின் குழுவையும் ஒன்றாக்கினார்கள். 2024 ஆகஸ்டில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் அமெரிக்க இணையதளத்தையும் மூடினார்கள். ஒளிவழி மட்டும் ஓடியது. திரையில் பார்க்கிறவருக்கு ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும், உள்ளே ஆள் குறைந்து, புதுத் தொடர் குறைந்து, பழையதே திரும்பத் திரும்ப ஓடும். இதைத்தான் நான் ரொம்பக் கவனிக்கச் சொல்வேன்: ஒளிவழி ஒரே நாளில் சாகாது, அட்டவணை மெலிந்து மெலிந்துதான் போகும். ஒரே தொடர் ஒரு நாளைக்கு ஆறு தடவை வர ஆரம்பித்தால் புரிந்துகொள்ளலாம்.

இப்போதைய விஷயத்துக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது ஸ்டூடியோவையும் எச்பிஓ மேக்ஸையும்தான். டிவி ஒளிவழிகள் தனி நிறுவனமாகப் பிரிந்து போகும். அப்படி நடந்தால் கார்ட்டூனைச் செய்கிறவர் ஒரு வீட்டில், காட்டுகிறவர் இன்னொரு வீட்டில். பாரமவுண்ட் கேட்பது மொத்தத்தையும். அது நடந்தால் பாரமவுண்டின் பிள்ளைகள் ஒளிவழியான நிக்கலோடியனும் கார்ட்டூன் நெட்வொர்க்கும் ஒரே கூரைக்குக் கீழ் வரும், ஒரே மாதிரி இரண்டு ஒளிவழி எதற்கு என்று யாராவது கேட்பார்கள். இரண்டு வழியிலும் எனக்கு நிம்மதி இல்லை.

---

பொங்கோல் தாத்தா
ஞாயிறு, காலை 6:50

தம்பி சொன்னது சரி, ஆனால் வாங்குவதும் சேர்ப்பதும் எப்போதும் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். கார்ட்டூன் நெட்வொர்க் பிறந்ததே அப்படித்தான். டெட் டர்னர் 1986-இல் எம்ஜிஎம்மை வாங்கியபோது பழைய படங்களோடு டாம் அண்ட் ஜெர்ரியும் கைக்கு வந்தது, 1991-இல் ஹானா-பார்பெராவையும் வாங்கினார். கையில் அவ்வளவு கார்ட்டூன் குவிந்த பிறகுதான் 1992 அக்டோபரில் அந்த ஒளிவழியே தொடங்கியது. என்ன வித்தியாசம் என்றால், அன்றைக்கு வாங்கியவர் காட்டுவதற்காக வாங்கினார்.

நம்மூரிலும் பார்த்தாயிற்று. 2000-இல் சென்ட்ரல் என்று ஒரே அலைவரிசையில் கிட்ஸ் சென்ட்ரல், வசந்தம் சென்ட்ரல், ஆர்ட்ஸ் சென்ட்ரல் மூன்றும் நேரம் பிரித்து ஓடின. பிள்ளைகள் நிகழ்ச்சி முடிந்து தமிழ் வரும். என் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்த அதே இடத்தை விட்டு எழாமல் தமிழ் நிகழ்ச்சியையும் பார்த்து வளர்ந்தார்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2008-இல் வசந்தம் தனி ஒளிவழி ஆனது, நமக்கெல்லாம் சந்தோஷம். பிள்ளைகளுக்கு ஓக்டோ வந்தது. அப்புறம் 2019 மே மாதம் ஓக்டோவும் சேனல் 5 என்ற ஆங்கில ஒளிவழிக்குள் போய்விட்டது. இலவச டிவியில் பிள்ளைகளுக்கென்றே ஓர் எண் இருந்த காலம் அதோடு முடிந்தது. பேரப் பிள்ளைகளோடு உட்காரும்போது அந்த எண்ணை நினைத்துக்கொள்கிறேன்.

---

இரவுப்பணி தாதி
ஞாயிறு, காலை 9:15

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒளிவழி போனால் போகட்டும் என்பதுதான் என் எண்ணம். செயலியில் பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதைப் போட்டுக் கொடுக்கலாம், பொம்மை விளம்பரம் இல்லாத திட்டம் எடுக்கலாம், பாதியில் நிறுத்திச் சோறு ஊட்டிவிட்டுத் தொடரலாம். ஒளிவழித் தொகுப்புக்குக் கட்டுகிற மாதச் சந்தா மிச்சம் ஆகிறது. சுகாதார அமைச்சு இந்த வருடம் ஜனவரியில் சொன்னது, திரை பார்க்கிற நேரம் 18 மாதம் முதல் 6 வயது வரை பள்ளிக்கு வெளியே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, 7 முதல் 12 வரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த ஒரு மணி நேரத்தை ஏன் இன்னொருவர் போட்ட அட்டவணைக்குக் கொடுக்க வேண்டும்? நாமே தேர்ந்தெடுக்கலாமே.

---

செங்காங் அம்மா
ஞாயிறு, காலை 11:05

நீங்கள் சொல்வது நானும் கணவரும் வீட்டில் இருக்கும்போது சரி. பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பது மாமியார். செயலியைத் திறந்தால் யார் பார்க்கிறீர்கள் என்று நான்கு முகம் வரும், அப்புறம் பின் எண் கேட்கும், அப்புறம் ஆங்கிலத்தில் நூறு படம். ஒரு நாள் அவன் அதை வாங்கித் தானே அழுத்திக் கொடுத்தான், அன்றிலிருந்து ரிமோட் அவன் கையில்தான். ஒரு பாகம் முடிந்ததும் ஐந்து விநாடியில் அடுத்தது தானாக ஓடுகிறது, பாட்டி எங்கே நிறுத்துவார்? ஒளிவழியில் ‘முடிந்துவிட்டது கண்ணா’ என்று சொல்ல அவருக்கு ஓர் இடம் கிடைக்கிறது. அந்த இடத்துக்காகத்தான் நான் சந்தா கட்டுகிறேன்.

அப்புறம் இன்னொன்று. சில வருடத்துக்கு முன் தஞ்சாவூருக்குப் போயிருந்தபோது என் மகள் டோராவைத் தமிழில் பார்த்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து டோரா கேட்ட கேள்விக்கெல்லாம் சத்தமாகப் பதில் சொன்னார், இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. இங்கே வந்த பிறகு ஒரே சோபாவில் உட்கார்ந்தாலும் பாட்டி சும்மா படத்தைத்தான் பார்க்கிறார். இந்த இணைப்பெல்லாம் தமிழ்க் குரலை என்ன செய்யும்?

---

பிளேஅவுட் ஷிப்ட்
ஞாயிறு, பிற்பகல் 2:30

அக்கா, உங்கள் கடைசிக் கேள்விதான் என்னையும் உறுத்துவது. கார்ட்டூனின் படம் வேறு, தமிழ் டப்பிங் ட்ராக், அதாவது அதற்குத் தனியாகப் பதிவு செய்த தமிழ்க் குரல் வேறு. 2007-இல் சுட்டி டிவி என்ற தமிழ்ப் பிள்ளைகள் ஒளிவழி வந்தபோது டோரா தமிழ் பேசினாள் என்றால் யாரோ காசு போட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல் கொடுப்பவர்களை உட்கார வைத்து, அந்த ஒளிவழிக்காகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். படத்தின் உரிமை கைமாறும்போது அந்த ட்ராக்கும் கூடவே போகும் என்று நினைத்தால் தப்பு, பல சமயம் அது பழைய இடத்திலேயே தங்கிவிடும். புதியவர் மறுபடி தமிழில் செய்வாரா என்பது அவர் கணக்கைப் பொறுத்தது.

இந்தியாவில் 2024 நவம்பரில் ரிலையன்ஸின் வயாகாம்18-உம் டிஸ்னியின் ஸ்டாரும் இணைந்து ஜியோஸ்டார் ஆனது. நிக், சோனிக், ஹங்காமா, டிஸ்னி என்று போட்டி போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒளிவழிகள் எல்லாம் இப்போது ஒரே வீடு. போட்டி இருந்தபோது அவர் தமிழில் தருகிறார், நாமும் தர வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. இனி அந்த நெருக்கடி யார் கொடுப்பது? நாம்தான் கேட்க வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒன்று செய்யுங்கள். உங்கள் சந்தா ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஒளிவழி நடுவில் நின்றால் கட்டணம் குறையுமா, அபராதம் இல்லாமல் வெளியே வரலாமா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

பொங்கோல் தாத்தா
ஞாயிறு, மாலை 5:10

மகளே, பொட்டு இன்னும் ஒன்று இருக்கிறதா? இலவச ஒளிவழியில் பிள்ளைகள் நிகழ்ச்சி வருகிற நேரத்தை ஒரு தாளில் தமிழில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிடு. மாமியார் பார்த்துக்கொள்வார்.

---

செங்காங் அம்மா
ஞாயிறு, இரவு 9:30

நன்றி எல்லாருக்கும். தாளை எழுதி ஒட்டியாயிற்று, பச்சைப் பொட்டு ஒன்றும் ஒட்டினோம். சிவப்பை எடுக்க மாமியார் விடவில்லை. நாளை சந்தா நிறுவனத்துக்கு எழுதுகிறேன், ஒப்பந்தம் அடுத்த ஆகஸ்ட் வரை இருக்கிறது. தமிழ் ஒலி உள்ள பிள்ளைகள் ஒளிவழி தர முடியுமா என்றும் கேட்கப் போகிறேன். உங்களில் யாராவது அதே கேள்வியை எழுதினால் என்ன பதில் வந்தது என்று இங்கே போடுங்கள்.