கெட்ட பழக்கம் ஏதும் இல்லாதவருக்கு மாரடைப்பு: மாத்திரையைத் தொடர வேண்டுமா?

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். என் அண்ணனுக்கு வயது 44. புகை, மது இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் சரியான அளவில் இருந்தன. தினமும் காலையில் சில்வர் பீச்சில் நடப்பவர். சென்ற மாதம் விடியற்காலையில் தாடையும் இடது தோளும் வலிக்க, வாயுத் தொல்லை என்று எண்ணி இஞ்சிச்சாறு குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவரை, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்ததைப் பார்த்த அண்ணிதான் வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். முன்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பு அதிகமில்லாதவருக்குக் கொழுப்பு மாத்திரை எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நிறுத்திவிடலாமா? நானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

இதய மருத்துவர் (புதுச்சேரி):
தயவுசெய்து நிறுத்தவே வேண்டாம். சுவீடனில் முதல் முறை கடும் மாரடைப்பு வந்த 62,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குப் புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்ற நான்கில் ஒன்றுகூட இல்லை. இவர்களில் 11.3 விழுக்காட்டினர் 30 நாள்களுக்குள் இறந்தார்கள். மற்றவர்களில் அது 7.9 விழுக்காடுதான். வீடு திரும்பும்போது ஸ்டாட்டின் (உறவினர்கள் கேட்கும் கொழுப்பு மாத்திரை) முதலிய மருந்துகள் இவர்களுக்குக் குறைவாக எழுதப்பட்டதற்கும் இந்த வேறுபாட்டில் பங்கு இருந்தது. ஸ்டாட்டின் கொழுப்பின் அளவைக் குறைப்பதோடு, குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்திருப்பது வெடித்து ரத்தம் உறையாமலும் காக்கிறது என்பதை உறவினர்களுக்கு விளக்குங்கள்.

அண்ணனுக்கு ரத்தத்தில் லிப்போபுரோட்டீன் ஏ என்ற, கொழுப்பைச் சுமக்கும் துகளின் அளவைப் பார்த்தார்களா? பரம்பரையாக வரும் இது வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் தெரியாது. உணவாலும் நடைப்பயிற்சியாலும் பெரிதாக மாறாது என்பதால் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். ஒரு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கவனம் தேவை. உடன்பிறந்தவர் என்பதால் நீங்களும் அவசியம் பாருங்கள்.

வில்லியனூர் வாசகி:
எனக்கு மாரடைப்பு வந்தபோதும் எல்லா அளவுகளும் சரியாகவே இருந்தன. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறியதையும், பல ஆண்டுகளாக முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) இருப்பதையும் அதுவரை யாரும் இதயத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. உங்களுக்கு அக்கா, தங்கை இருந்தால் இவற்றை மருத்துவரிடம் தாங்களாகவே சொல்லச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் ஐயா, எனக்குச் சென்ற ஆண்டு ட்ரெட்மில் பரிசோதனை சரியாக இருந்தது. அது போதாதா?

இதய மருத்துவர்:
போதாது. குழாய் நன்றாகச் சுருங்கி, ரத்த ஓட்டம் குறைந்திருந்தால்தான் ட்ரெட்மில்லில் பெரும்பாலும் தெரியும். பாதிகூட அடைக்காத படிவு வெடித்தும் மாரடைப்பு வரலாம். ரத்தப் பரிசோதனை முடிவோடு அண்ணனின் ஆஞ்சியோகிராம் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு இதய மருத்துவரைப் பாருங்கள். இதய ரத்தக்குழாயில் படிந்த கால்சியத்தை அளக்கும் கால்சியம் ஸ்கேன் தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இடையில் அண்ணனுக்கு வந்ததுபோல் தாடைவலியும் வியர்வையும் வந்தால், இஞ்சிச்சாற்றைத் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.