மூக்கால் இரத்தம் வந்தபோது: உங்கள் அனுபவங்கள்

வைத்தியர், படுவான்கரை

கச்சான் காற்று வீசத் தொடங்கினால், மூக்கால் இரத்தம் வடியும் பிள்ளைகள் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். அந்த வறட்சியில் மூக்கின் உள்தோல் காய்ந்து வெடிக்கிறது; பிள்ளையும் விரலை விட்டுக் கிண்டுகிறது. பெரும்பாலும் நடுச்சுவரின் முன்பகுதியில்தான் கசிவு. அதை வெளியிலிருந்து அழுத்தியே நிறுத்தலாம். ஆனால் அநேகர் தலையை அண்ணாத்திப் பிடித்தபடியே வருகிறார்கள். இரத்தம் தொண்டைக்குள் இறங்கி, பிறகு வாந்தியாக வருகிறது. அதைக் கண்டு வீட்டார் இன்னும் பதறுகிறார்கள்.

ஒரு சிறுவனை அவனுடைய அப்பப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். "தம்பி, முன்னால் குனி, வாயால் மூச்சு விடு" என்று சொல்லி, எலும்புக்குக் கீழேயுள்ள மென்மையான பகுதியை இரு பக்கமும் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். "நின்றுவிட்டதா என்று பார்ப்போமா, டொக்டர்?" என்று அப்பப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்கவே கூடாது. மணிக்கூட்டைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம் பிடி விடக் கூடாது; இடையில் விட்டால் உறையத் தொடங்கியது கலைந்துவிடும். அவனுக்கு அதிலேயே நின்றது. வசிலின் பூசச் சொல்லி அனுப்பினேன்.

பிடித்துக்கொண்டிருக்கும்போதே கேள்விகளையும் கேட்டுவிடுவேன். முதலாவது, காய்ச்சல் இருந்ததா? மட்டக்களப்பில் மாரி காலத்தில் இதைக் கேட்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். டெங்கு என்று சந்தேகம் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்து இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்; டெங்குவில் அது குறையும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே. இரத்தக் கசிவைக் கூட்டக்கூடிய இபுபுரொபன், டைக்ளோபெனக் வேண்டாம்.

தாதி உத்தியோகத்தர், அம்பாறை மாவட்டம்

வயதானவர்களின் கதை வேறு. இதய நோய்க்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் எடுக்கும் ஓர் அம்மா வந்தார். முன்னால் வடிவது குறைவாகவே இருந்தது, ஆனால் அவர் விழுங்கிக்கொண்டே இருந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் தொண்டையின் பின்சுவரில் இரத்தம் வழிகிறது. அழுத்தியும் நிற்கவில்லை. நாளத்தில் ஊசிக்குழாய் ஏற்றி, காது மூக்கு தொண்டை நிபுணர் இருக்கும் வைத்தியசாலைக்கு அம்புலன்ஸில் அனுப்பினோம். மகள் "பிரஷர் கூடியதால்தான்" என்று உறுதியாகச் சொன்னார். பயத்திலேயே பிரஷர் கூடும். இரத்தம் நின்ற பிறகு மீண்டும் அளக்க வேண்டும். இன்னொன்று, அந்த இதய மாத்திரைகளை வீட்டில் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

தாய், களுவாஞ்சிக்குடி

என் மூன்று வயது மகளுக்கு ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் சளியோடு இரத்தம் கசிந்தது. தாங்க முடியாத நாற்றம். உள்ளே ஒரு பஞ்சுத் துண்டு இருந்தது.

வைத்தியர், படுவான்கரை

நல்ல வேளை கொண்டுபோனீர்கள், தங்கச்சி. சிறு பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு வடிந்தால், வேறு காரணம் தெரியும்வரை உள்ளே ஏதோ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பதின்ம வயது ஆண் பிள்ளைக்கு ஒரு பக்கம் மூக்கடைத்து, அடிக்கடி இரத்தமும் வந்தால், களிம்பு கொடுத்துக் காலம் கடத்தாமல் நிபுணரிடம் அனுப்புங்கள். மூக்கின் பின்னால் இரத்தக்குழாய்க் கட்டி இருக்கக்கூடும்.