மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் போதுமா?

நெல்லைவாசி:
2024 ஜூலையில் நெல்லை மேயரும் கோவை மேயரும் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்களே, அந்த ஊர் மக்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மேயரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள்தான், அதனால் நம்மைக் கேட்க அவசியமே இல்லை. 1996ல் மக்களே ஓட்டுப் போடும் நேரடித் தேர்தல், 2006ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மறைமுகம், 2011ல் மறுபடி நேரடி, 2016ல் மறைமுகம், 2018ல் நேரடி என்று திருத்தம், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு திரும்பவும் மறைமுகம். இரண்டு பெரிய கட்சிகளும் தங்கள் வசதிக்குத்தான் மாற்றின. மக்கள் ஓட்டுப் போட்டே மேயர் வர வேண்டும்.

மாம்பலத்தான்:
அண்ணாச்சி, 2001ல் சென்னையில் நடந்ததைப் பாருங்கள். மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் ஸ்டாலின் திமுக, துணை மேயர் எதிரணி. மறு வருடமே ஒருவருக்கு இரண்டு பதவி கூடாது என்று சட்டம் வந்தது, எம்.எல்.ஏ.வாகவும் இருந்த அவர் மேயர் பதவியை விட வேண்டியதாயிற்று. மன்றத்தில் ஆள்பலம் இல்லாத மேயர் பட்ஜெட்டை எப்படி நிறைவேற்றுவார்? அப்புறம், மாநகராட்சி முழுக்கப் பிரசாரம் செய்ய யாரிடம் பணம் இருக்கிறது? 2022ல் 74வது வார்டில் ஜெயித்த 28 வயது பிரியா மேயரானார், நேரடித் தேர்தலில் அவருக்கு சீட்டு கிடைத்திருக்குமா?

நெல்லைவாசி:
கிடைத்திருக்கும். சென்னை மேயர் பதவி அந்த முறை பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, அவரைக் கொண்டுவந்தது இடஒதுக்கீடு. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் பேருக்குத்தான், மேயர் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை முன்பே அறிவித்துவிட்டது. எங்கள் ஊரில் 2024 ஜனவரியில் ஆளுங்கட்சிக் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள், கூட்ட நாளன்று ஒருவரும் வரவில்லை. இதுதான் நீங்கள் சொல்லும் மன்றத்தின் பலமா?

பழைய பில் கலெக்டர்:
நகராட்சியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இரண்டு பேரும் நாற்காலியைப் பற்றியே பேசுகிறீர்கள், கையெழுத்து யாருடையது என்று பார்க்கவில்லை. மன்றம் தீர்மானம் போடும், நிறைவேற்றும் அதிகாரம் ஆணையருக்கு, அவரை அனுப்புவதும் மாற்றுவதும் அரசு. தெருவிளக்கு எரியவில்லை என்று கவுன்சிலர் லெட்டர்பேடில் எழுதித் தருவார், அது உதவிப் பொறியாளர் மேசையில் கிடக்கும், அவருக்கு மெமோ கொடுக்கக்கூட மேயரால் முடியாது. சென்னையில் குடிநீர் தனி வாரியம், பெரிய கட்டடங்களின் வரைபடத்துக்கு சிஎம்டிஏ என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமம். அரசியலமைப்பின் 74வது திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியல் போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2016 கடைசியிலிருந்து 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் தனி அதிகாரிகள் நடத்தினார்களே, வித்தியாசம் தெரிந்ததா?

மாம்பலத்தான்:
ஐயா சொல்வதுதான் சரி. முதலில் அதிகாரம் வரட்டும், நேரடித் தேர்தலை அப்புறம் பேசலாம். கையெழுத்து இல்லாத பதவிக்குக் கோடிக்கணக்கில் செலவழிப்பவர் அந்தப் பணத்தை எங்கே எடுப்பார்?

நெல்லைவாசி:
அந்த அதிகாரத்தைக் கோட்டையில் போய் யார் கேட்பது? தலைமை தந்த பதவியில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார். ஊர் முழுக்க ஓட்டு வாங்கியவர் கேட்டால்தான் அரசு பதில் சொல்லியாக வேண்டும்.