அம்மம்மாட 85: யூகலேலிக்கு மைக்கா பிக்கப்பா

வியாழன் பின்னேரம்

வசந்தி: அம்மாட 85க்கு இன்னும் 9 நாள்தான் கிடக்கு. உப்புவெளி வீட்டு முத்தத்திலதான் கதிரை போடுறம், ஒரு 70 பேர் மட்டில வருவினம். துஷி பாபு அண்ணாட யூகலேலியை, அந்தச் சின்ன நாலு கம்பிக் கிற்றாரை, வாசிச்சு அம்மாக்குப் பிடிச்ச பாட்டைப் பாடப்போறாள். நேற்று வெளியில இருந்து வாசிக்க விட்டுப் பாத்தன், நாலாவது கதிரைக்கே ஒண்டும் கேக்கேல்ல. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கச்சான் காத்து. ரவி அண்ணா இதுக்கு என்ன பூட்டோணும்?

லீலா: அம்மாக்குப் பக்கத்தில இருந்து கதைச்சாலே கேக்காது

வசந்தி: அதுக்குத்தான் அக்கா கேக்கிறன்

கலா: ரோல்ஸ் 150 காணுமா

சுகன்: சித்தி நான் இங்க இருந்து வாத்தியத்திலயே பூட்டிச் சத்தம் எடுக்கிற நல்ல பிக்கப் ஒண்டு ஓடர் பண்றன். காசு பிரச்சினை இல்ல. பின்பக்கம் ஒரு துளை போட்டு ஜாக் பூட்டினா வயரைக் குத்தி வாசிக்கலாம்

வசந்தி: துளையா?

சுகன்: சின்னத் துளைதான். 12 மில்லிமீட்டர்

வசந்தி: பாபு அண்ணாட சாமான்ல துளை போட விடமாட்டன்

லீலா: கேட்ட பிள்ளைக்குக் குடுத்திருந்தா இப்ப இந்தக் கதை வந்திருக்காது

வசந்தி: அக்கா அது 11 வருஷத்துக்கு முந்தி முடிஞ்ச கதை

சுகன்: அம்மா விடுங்கோ ப்ளீஸ்

கோபி: டொரன்டோல இருந்து 9 நாளில வராது. நான் வெள்ளி இரவு ரயில்ல வாறன், கொழும்பில வாங்கோணும் எண்டா சொல்லுங்கோ. ஆனா எதை வாங்கிறது எண்டு அப்பா முடிவு சொல்லோணும்

ரவி: இப்பதான் பார்த்தனான். கேளுங்கோ. கிற்றார்ல பூட்டுற காந்தப் பிக்கப் இதுக்குச் சரிவராது, ஏனெண்டா அது இரும்புக் கம்பி ஆடினாத்தான் வேலை செய்யும், காந்தத்துக்கு முன்னால இரும்பு ஆடேக்குள்ளதான் சுருள்ல மின்சாரம் வரும், யூகலேலிக்குப் போட்டிருக்கிறது நைலோன், நைலோன் எவ்வளவு ஆடினாலும் காந்தத்துக்குத் தெரியாது. கடைக்காரன் "இது எல்லாத்துக்கும் போகும்" எண்டு சொல்லி வட்டத் துளைக்குள்ள கொழுவுறதைத் தந்தா வாங்காத கோபி. எங்களுக்கு வேண்டியது பியசோ, இல்லாட்டி மைக். பியசோ எண்டுறது ஒரு மாதிரிப் பளிங்குத் துண்டு, அழுத்தினா, அதிர்ந்தா மின்சாரம் தரும், அதுக்குக் கம்பி எது எண்டு கவலை இல்லை, பலகை அதிர்ந்தாக் காணும்.

கோபி: ஓம்

கலா: மரக்கறி ரோல்ஸ் எத்தின, மீன் எத்தின

துஷி: மாமா கம்பி கட்டுற பிரிட்ஜுக்கு அடியில வைக்கிற பிக்கப் எண்டு ஒண்டு வீடியோவில காட்டினாங்கள், அது நல்லமா?

ரவி: நல்ல கேள்வி பிள்ளை. அது பிரிட்ஜில கம்பியைத் தாங்குற சேடிலுக்கு அடியில மெல்லிசாப் பட்டி மாதிரி வைக்கிறது. கம்பி சேடிலை அமத்துற இடத்திலயே நேரா எடுக்கிறபடியா சத்தம் பலமா வரும், ஊளையும் குறைவு. ஆனா சேடில் தனியாக் கழரோணும், அடி மட்டமா இருக்கோணும், பட்டியிட மொத்தத்துக்கு சேடிலைத் தேய்ச்சுக் குறைக்கோணும், வயர் உள்ள போக மேல் பலகையிலயும் ஒரு துளை. பாபுட யூகலேலியில பிரிட்ஜும் சேடிலும் ஒரே மரத்தில செதுக்கினது, நான் கையில வைச்சுப் பாத்திருக்கிறன். அப்ப அந்தக் கதைக்கே இடமில்ல. மேல் பலகை அசல் கோஆ மரம், வெத்திலை மாதிரி மெல்லிசு.

கலா: கோவாவில வாங்கினதா? பாபு இந்தியாக்கும் போனவனே

ரவி: கோவா இல்ல கலா, கோஆ. ஹவாயில வளருற மரம். 88ல கப்பல் ஹொனலூலுவில நிண்டநேரம் வாங்கினவன். யூகலேலியே அங்க பிறந்ததுதான், 1879ல மதெய்ரா தீவில இருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல்ல போன போத்துக்கீசர் கொண்டுபோன சின்ன வாத்தியத்தைப் பாத்துத்தான் அந்தச் சனம் இதைச் செய்தது. போத்துக்கீசர் வழிவந்த எங்கட பாலையூத்துப் பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில பைலா ஆடுற நேரம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும், ஒரே நாட்டுச் சனம் ஒரு பக்கம் ஹவாய்க்கும் ஒரு பக்கம் இஞ்சயும் இசையைக் கொண்டுவந்திருக்கு.

லீலா: கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லில கோட்டை கட்டினதும் அவங்கள்தான். அம்மாட பிறந்தநாளில உதை ஒருத்தரும் கதைக்க வேண்டாம்

ரவி: நான் வாத்தியத்தைத்தான் சொன்னன் அக்கா

லீலா: சரி. சவுண்ட் செட் ஆர்? சுகன்ட கலியாணத்துக்கு வந்தவங்கள் இல்லைத்தானே

வசந்தி: அதை இப்ப ஏன்

லீலா: தாலி கட்டுற நேரம் ஊளையிட்டது இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது. ஐயர் மந்திரத்தை நிப்பாட்டினவர்

ரவி: அக்கா அது 2016. அண்டைக்கு மைக்கைக் கொண்டுவந்து ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால வைச்சது ஆர் எண்டு நான் இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரிட்டயும் சொன்னதில்ல. மைக் பிடிக்கிறது பெட்டியால வெளிய வந்து, வந்தது திருப்பி மைக்குக்குள்ள போய், சுத்திச் சுத்திப் பெருக்கிறதுதான் ஊளை. செட் பிழை இல்லை, வைச்ச இடம் பிழை. இந்த முறை என்ட சத்தம் கலக்கிற மிக்ஸரும் ரெண்டு பெட்டியும்தான். வெளியாக்கள் வேண்டாம்.

கோபி: அப்பா உங்கட அம்ப்ளிஃபயர் எங்க?

ரவி: டொக்யார்ட் வீதியில. அக்கா வீட்டில. 2016ல இருந்து

லீலா: வந்து எடுக்கச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

சுகன்: மாமா அப்ப எதை வாங்கச் சொல்றீங்கள்

ரவி: சொல்லுறன். துளை இல்லாம ரெண்டு வழி கிடக்கு. ஒண்டு, மேல் பலகையில வெளியால பிடிக்கிற கிளிப் பியசோ. விலை குறைவு, கழட்டினா அடையாளம் இருக்காது. ஆனா எல்லாரும் விடுற பிழை என்னெண்டா பியசோ வயரை நேர கொண்டுபோய் மிக்ஸரில குத்துறது. குத்தினா சத்தம் தகர டப்பா மாதிரி வரும், பிறகு பிக்கப் கூடாது எண்டு எறிஞ்சுபோடுவினம். பிக்கப் பிழை இல்லை. எங்கட கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரி இல்ல இது, வேனில்ல சொட்டுச் சொட்டா ஊறுற வீட்டுக் கிணறு மாதிரி, பெரிய பம்ப் வைச்சு இறைச்சா வத்திப்போகும், பட்டையால மெல்ல அள்ளினாத்தான் தண்ணி இருக்கும். மிக்ஸரிட லைன் ஓட்டையிட மின்தடை 10 ஆயிரம் ஓம் மட்டில, தடை குறைஞ்சாக் கூட இழுக்கும், அது பெரிய பம்ப். பியசோவுக்கு 10 லட்சம் ஓம், அதுதான் ஒரு மெகா ஓம், அதுக்கு மேல வேணும். இல்லாட்டிக் கீழ்ச் சுரம் எல்லாம் ஓடிப்போய் கீச்சு மட்டும் மிஞ்சும். அதால கோபி, கிளிப்போட, பிக்கப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில வைக்கிற, கரண்டில ஓடுற ஒரு ஆக்டிவ் டிஐ பெட்டி, இல்லாட்டி கிற்றார் ப்ரீஅம்ப் ஒண்டு வாங்கு. "பாசிவ்" எண்டு எழுதின டிஐ வேண்டாம், அதுக்குள்ள இருக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் பியசோவுக்குக் காணாது. கிளிப்பில இருந்து டிஐ பெட்டிக்குப் போற வயர் கட்டையா இருக்கோணும், பெட்டியில இருந்து மிக்ஸருக்கு எவ்வளவு நீளமும் போடலாம்.

கலா: இவர் இதைச் சொல்லிச் சொல்லியே சோறு ஆறிப்போச்சு

கோபி: ஆக்டிவ் டிஐ, கிளிப், கட்டை வயர். வேற?

ரவி: 9 வோல்ட் பட்டரி ரெண்டு. ஃபாண்டம் எண்டு 48 வோல்ட் கரண்டை மைக் வயருக்குள்ளாலயே மிக்ஸரால டிஐக்குக் குடுக்கலாம், எண்டாலும் லைட் போனா ஜெனரேட்டர் மாறுற நேரம் டப் எண்டு அடிக்கும், பட்டரி இருந்தா நல்லம்.

துஷி: ரெண்டாவது வழி மாமா?

ரவி: ரெண்டாவது மைக். எனக்கு மனசுக்குப் பிடிச்சது இதுதான். பியசோ பலகையைக் கேக்குது, மைக் வாத்தியத்தைக் கேக்குது. காத்துக்குள்ளால வந்து எங்கட காதில விழுற அந்தச் சத்தம் மைக்கிலதான் வரும். என்னட்ட ஷுவர் எஸ்எம் 57 கிடக்கு, கரண்ட் கேக்கிற கண்டென்ஸர் மைக் இல்லை, முரட்டு டைனமிக் மைக், உப்புக் காத்துக்கும் தாங்கும், ஃபாண்டமும் தேவையில்லை. வட்டத் துளைக்கு நேர வைக்கக்கூடாது, அங்க காத்து ஊதி பூம் பூம் எண்டும். கழுத்தும் உடலும் சேருற இடத்தைப் பாத்து, ஒரு சாண் தூரம், கொஞ்சம் சரிச்சு. மைக்கிட முதுகுப் பக்கம் பெட்டிக்கு நேர இருந்தா ஊளை வராது, அந்தப் பக்கத்தால அது கேக்கிறதே இல்லை. கச்சானுக்குத் தடிச்ச பஞ்சு உறை போடுறன். மிக்ஸரில 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுற பட்டன் ஒண்டு இருக்கு, அதை அமத்தினா காத்து உறுமல் போகும், யூகலேலியிட ஆகக் கீழ்ச் சுரமே 262 ஹெர்ட்ஸ், ஒண்டும் குறையாது.

சுகன்: அப்ப மைக்தானே. எதுக்கு கிளிப்

ரவி: துஷி ஆடாம இருந்தா மைக் காணும்

வசந்தி: அவள் ஆடாம இருக்கமாட்டாள்

துஷி: அம்மா!

லீலா: பாபுவும் அப்படித்தான். இருந்த இடத்தில இருந்து வாசிச்சதில்ல

கலா: ரோல்ஸ் 200 சொல்லிப்போட்டன்

சனி இரவு

கோபி: கிளிப் வாங்கிட்டன். டிஐயும் ஆக்டிவ்தான், நீங்கள் அங்க வேற ஒண்டும் தேட வேண்டாம். பிறகு ஒரு யோசினை, இதை வெள்ளி வரைக்கும் வைச்சிருந்தா பாக்க நேரம் இருக்காது, வெள்ளவத்தையில இருந்து போற பஸ்ஸில தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்துவிடுறன், விடிய எடுக்கலாம்

ரவி: நல்ல வேலை செய்தாய்

சுகன்: காசு எவ்வளவு கோபி

கோபி: பேந்து பாப்பம்

சுகன்: இல்ல சொல்லு. இதையாவது நான் செய்றன்

ஞாயிறு பின்னேரம்

துஷி: மாமா வந்து ரெண்டையும் பூட்டினவர். ரெண்டு பதிவு போடுறன். முதலாவது கிளிப், ரெண்டாவது மைக். எல்லாரும் கேட்டுட்டுச் சொல்லுங்கோ

[குரல் பதிவு 0:48]

[குரல் பதிவு 0:51]

சுகன்: ஒண்டு பலமா இருக்கு

கலா: ரெண்டு நல்லம்

கோபி: ஒண்டில விரல் தட்டுறது கேக்குது டொக் டொக் எண்டு

ரவி: அது கிளிப் நிக்கிற இடத்தால. முதல்ல தலைப்பக்கம் பிடிச்சம், தூரத்தில ஆரோ வாசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு வட்டத் துளை விளிம்பில, அது முரட்டுச் சத்தம். பிரிட்ஜுக்குப் பின்னால மெல்லிசாப் பஞ்சு வைச்சுக் கையால அமத்திப் பிடிச்சன், அங்கதான் இனிமை, ஒரு விரல்கடை நகர்த்தினாலும் குரல் மாறுது. ஆனா அங்க கிளிப் எட்டாது, போஸ்டர் ஒட்டுற நீலக் களி வைச்சு ஒட்டலாம், பாபுட பழைய வார்னிஷ் கறை பிடிச்சுப்போகும் எண்டு எனக்குப் பயம், அதை நான் செய்யமாட்டன். மைக் இனிமையா இருக்கு, ஆனா கூட்டக் கூட்ட ஊளை எட்டிப்பாக்குது, துஷி ஒரு பாட்டுக்குள்ள மூண்டு தரம் மைக்கை விட்டு விலகினவள். ரெண்டையும் சேத்துக் கலந்து விடுவம் எண்டு நினைக்கிறன், அடிச் சத்தம் கிளிப்பால, மேல மைக்கால. ரெண்டும் ஒண்டையொண்டு அடிச்சுச் சத்தம் மெலிஞ்சா மிக்ஸரில ஒண்டிட ஒலி அலையைத் தலைகீழாத் திருப்பிப் பாக்கோணும்.

வசந்தி: இதை அம்மாக்கும் போட்டுக் காட்டினனான். ரெண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவ

லீலா: என்ன சொன்னவ

வசந்தி: பாபு வலது பக்கப் படியில இருந்தெல்லோ வாசிக்கிறவன், இவள் ஏன் அங்கால போய் இருக்கிறாள் எண்டு கேட்டவ

லீலா: இடது காது அப்பவே போனதுதானே அம்மாக்கு. அவன் மட்டும்தான் அதை ஞாபகம் வைச்சு அந்தப் பக்கம் இருப்பான்

சுகன்: எனக்கு இது தெரியாது

துஷி: நான் படியில இருந்தே வாசிக்கிறன். அம்மம்மாட கதிரைக்கு வலது பக்கம்

ரவி: அப்ப எல்லாத்தையும் மாத்தோணும் பிள்ளை. படி எண்டா பின்னால சுவர், சத்தம் சுவரில பட்டு மைக்குக்குள்ள திரும்பி வரும். வலது பெட்டியை வேலியடிக்குத் தள்ளோணும், இல்லாட்டி மைக்கை விட்டுட்டுக் கிளிப்பால மட்டும் சனத்துக்கு அனுப்புறது. அம்மாக்குப் பெட்டியே தேவையில்லை அப்ப, ஒரு முழம் தூரத்தில வாத்தியம் நேரா இருக்குது. சனத்துக்குத்தான் நான் யோசிக்கோணும். வியாழன் திரும்ப ஒருக்கா வாறன், காத்து எழும்பின பிறகு, 4 மணிக்கு.

வசந்தி: வியாழன் அம்மாக்குக் கிளினிக்

ரவி: அப்ப புதன்

கோபி: புதன் மிக்ஸர் கோயிலுக்குக் குடுத்திருக்கிறீங்கள் அப்பா

லீலா: ரவி, அம்ப்ளிஃபயரை நாளைக்கு ஓட்டோவில ஏத்தி விடுறன். தூசி தட்டித்தான் விடுறன்

ரவி: சரி அக்கா

கலா: ரோல்ஸ்காரன் அட்வான்ஸ் கேக்கிறான்

சுகன்: துஷி ரெண்டாவது பதிவைத் திரும்ப ஒருக்கா போட்டுவிடு, எனக்கு இஞ்ச டவுன்லோட் ஆகேல்ல

[குரல் பதிவு 0:51]

வசந்தி: 9 வோல்ட் பட்டரி ஆர் வாங்குறது?