ஃப்ளூ ஊசிக்குப் பின் தோள் வலி: இழப்பீடு வாங்கிய அனுபவம்

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டவர், நின்றபடியே தோள் எலும்பின் முனையை ஒட்டி மிக மேலே குத்திவிட்டார். அன்று ராத்திரியே கையைத் தூக்க முடியவில்லை. அப்புறம் மாதக்கணக்கில் தலை பின்னக்கூட மகள்தான் வர வேண்டியிருந்தது. எம்ஆர்ஐ எடுத்ததில் பர்சைடிஸ், அதாவது மூட்டை ஒட்டிய சிறு பைகளில் அழற்சி, என்று வந்தது.

அமெரிக்காவில் இதற்கு ஊசி போட்டவர் மேலோ கம்பெனி மேலோ நேரே வழக்குப் போட முடியாது. 1986 சட்டப்படி முதலில் தடுப்பூசி பாதிப்பு இழப்பீட்டுத் திட்டத்துக்குத்தான் போக வேண்டும். எதிர்த்தரப்பு மத்திய சுகாதாரத் துறைச் செயலர், விசாரிப்பது வாஷிங்டன் கோர்ட்டின் ஸ்பெஷல் மாஸ்டர் (நீதிபதி போல இந்த மனுக்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்). ஒரு ஃப்ளூ டோஸுக்கு 75 சென்ட் வரி பிடிக்கிறார்களே, அந்த நிதியிலிருந்துதான் பணம்.

இந்தத் தோள் பாதிப்புக்கு ‘சிர்வா’ என்று பெயர். 2017-இல் இதைத் திட்டம் ஏற்கும் பாதிப்புகளின் அட்டவணையில் சேர்த்தார்கள். வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பே கோளாறு இருந்திருக்கக் கூடாது. மனுப் போட 3 வருஷம்தான் கெடு.

என்னை இழுத்தடித்தது அந்த 48 மணி நேரம்தான். பிசியோதெரபி குறிப்பில் ‘சில வாரங்களாக வலி’ என்று எழுதியிருந்தார்கள். அரசு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். ஊசி போட்ட மறுநாள் காலையில் டாக்டருக்கு நான் அனுப்பிய மெசேஜ்தான் காப்பாற்றியது. தயவுசெய்து வலி வந்த உடனே எழுத்தில் சொல்லிவையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் ஊசி போட்ட தேதியைச் சொல்லி, குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

கடைசியில் சமரசம். ‘ஊசிதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ளவில்லை’ என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தது. படித்ததும் மனசு கசந்தது, ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். வலி, வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர்; எனக்கு வந்தது அதில் சிறு பங்குதான். வக்கீல் கட்டணத்தைத் திட்டமே தனியாகக் கொடுத்துவிட்டது. தடுப்பூசி மேல் எனக்குக் கோபம் இல்லை, குத்திய இடம்தான் தப்பு.

*

அக்கா, எனக்கும் இதே வலிதான், ஆனால் கொரோனா ஊசியில் வந்தது. அதை நீங்கள் சொல்லும் திட்டத்தில் எடுக்க மாட்டார்கள். அதற்கு வேறு திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருஷம்தான் கெடு. கோர்ட் கிடையாது, வலி வேதனைக்குக் காசு கிடையாது, வக்கீல் கட்டணமும் நம் தலையில்தான். ஒரே தோள், ஒரே காயம், மருந்து மட்டும் வேறு. இது நியாயமே இல்லை.