பெரிய நாவல்கள் 150 பக்கத்தில் நின்றுபோகின்றன: எதை, எந்தப் பதிப்பில் படிக்கலாம்?

நூல்முனை:
சமீபத்தில் முடித்தவை டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’, காஃப்காவின் ‘உருமாற்றம்’, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சிறியதாக, இறுக்கமாக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு மூன்றையுமே சொல்வேன். ‘இவான் இலியிச்’ முதல் அத்தியாயத்திலேயே சாவை அறிவித்துவிட்டுப் பிறகு பின்னால் போகிறது. முடிவு தெரிந்தபின்னும் பக்கத்தைப் புரட்ட வைப்பது எப்படி என்று பார்க்கவே படிக்கலாம்.

சிக்கல் 600 பக்கத்துக்கு மேல் போகும் நாவல்களில். 150 பக்கத்தில் பெயர்கள் குழம்பி, புத்தகம் கீழே போய்விடுகிறது. எதில் தொடங்கலாம்? மொழிபெயர்ப்பு என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

ஓரக்குறிப்பு:
பெரிய நாவல்கள் பலவும் முதல் நூறு, நூற்றைம்பது பக்கங்களை ஆட்களை மேடையேற்றவே செலவழிக்கும். கதை நகரத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பு நீங்கள் எழுந்துவிடுகிறீர்கள். டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ 1805 ஜூலையில் ஒரு மாலை விருந்தில் தொடங்குகிறது. குராகின்கள், பியர், ஆந்த்ரேய் எல்லோரும் அந்த ஒரே கூடத்தில் வந்து போவார்கள். அடுத்து ரோஸ்தோவ் வீடு, அதற்கும் பிறகுதான் போல்கோன்ஸ்கிகளின் பண்ணை. படை வருவது இரண்டாம் பகுதியில். அதுவரை எல்லோரையும் நினைவில் வைக்க முயல்வதுதான் தவறு. பெசுகோவ், ரோஸ்தோவ், போல்கோன்ஸ்கி, குராகின், துருபெத்ஸ்காய் என்ற ஐந்து குடும்பங்கள் போதும்.

அரைத்தாள் ஒன்றை மடித்துப் பக்க அடையாளமாக வையுங்கள். அதில் பெயர், செல்லப்பெயர், யாருக்கு யார், முதலில் வந்த பக்கம். ஒருவர் *இரண்டாம் முறை* வந்தால்தான் எழுத வேண்டும். முதல் முறையே எழுதினால் விருந்துக்கு வந்த அத்தனை பேரும் ஏறி, தாள் அறுபது பெயரில் நிரம்பி, அதுவே ஒரு வேலையாகிவிடும். இரண்டாம் முறை வந்தவர்களை மட்டும் எழுதினால் பன்னிரண்டு, பதினைந்து பெயருக்கு மேல் போகாது.

நேரக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். 20 நிமிடம் படித்து, எத்தனை பக்கம் என்று எண்ணி மூன்றால் பெருக்கினால் உங்கள் மணிக்கணக்கு. மணிக்கு 20 பக்கம் என்றால் 1,200 பக்கத்துக்கு 60 மணி நேரம், தினம் 40 நிமிடமென்றால் 90 நாள். இது தெரியாமல் இரண்டு வாரத்தில் முடியும் என்று உட்கார்ந்தால் மூன்றாம் வாரம் சலிப்பு வரத்தான் செய்யும். ‘போரும் வாழ்வும்’ பரவலான கணக்கில் 361 அத்தியாயம் (பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும்). நாளுக்கு ஒன்று என்று ஓராண்டு வைத்துப் படிப்பவர்கள் உண்டு.

முதல் பெரிய நாவலாக, பத்திரிகைத் தொடராக வந்தவற்றில் ஒன்றை எடுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. வாசகர் அடுத்த வாரம் திரும்ப வர வேண்டும் என்பதற்காக அத்தியாயம் சிறியது, கடைசியில் ஒரு கொக்கி. ஐந்து பாகமும் அப்படியே இழுக்கும். மொழிபெயர்ப்பில் இதே குணம் துய்மாவின் ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’வுக்கு உண்டு. அதுவும் 1844-46இல் தொடராக வந்ததுதான்.

அச்சுப்பக்கம்:
துய்மாவைச் சொன்னதால் ஓர் எச்சரிக்கை. முழு நூலில் 117 அத்தியாயங்கள். கையில் இருப்பதில் எண்பது இருந்தால் அது சுருக்கம், அட்டையில் சொல்லியிருக்காவிட்டாலும். மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவல் 135 அத்தியாயமும் ஒரு பின்னுரையும். பக்க எண்ணிக்கையை நம்ப வேண்டாம், எழுத்தின் அளவுக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். பொருளடக்கத்தில் கடைசி எண்ணைப் பாருங்கள்.

அடுத்து உள்பக்க விவரம். ‘மொழிபெயர்ப்பு’, ‘தழுவல்’, ‘சுருக்கம்’ மூன்றும் வேறு வேறு. வெறும் ‘தமிழில்:’ என்று மட்டும் இருந்தால் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். முன்னுரையைப் புரட்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தழுவல் என்றால் ஒதுக்க வேண்டும் என்றில்லை. சுத்தானந்த பாரதியின் ‘ஏழை படும் பாடு’ வழியாக விக்தர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ள்’ நாவலுக்குள் நுழைந்தவர்கள் ஏராளம். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

மூலமொழியிலிருந்து நேராகவா, ஆங்கிலம் வழியாகவா என்பதும் முக்கியம். ஆங்கிலம் வழி என்றால் எந்த ஆங்கிலம்? ஜூல் வெர்னின் கடலடிப் பயண நாவலை 1872இல் ஆங்கிலத்தில் பெயர்த்த மெர்சியர் கிட்டத்தட்ட கால் பங்கை வெட்டிவிட்டார். மூலத்தில் வரும் ‘மோசமான நிலங்கள்’ என்பது அரித்துப்போன ஒருவகை நிலப்பரப்பின் பெயர். அதை நெப்ராஸ்காவைப் பற்றிய வசவாக்கி, ‘வெறுப்பூட்டும் பிரதேசம்’ என்று எழுதிவைத்தார். காப்புரிமை முடிந்துவிட்டதால் மலிவுப் பதிப்புகளிலும் இலவச மின்னூல்களிலும் இன்னமும் அந்தப் பிரதிதான் நிறையச் சுற்றுகிறது. அதிலிருந்து தமிழுக்கு வந்தால் வெட்டும் சேர்ந்தே வரும்.

கடைசி அத்தியாயம்:
தொடர்நாவல் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டவர் ‘இவான் இலியிச்’, ‘உருமாற்றம்’ ரசித்தவர். கொக்கி போட்டு இழுக்கும் கதை அவருக்கு 300 பக்கத்தில் அலுக்கலாம். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ எடுக்கலாம். ஆறு பகுதியும் பின்னுரையும், 1866. கொலை முதல் பகுதி முடிவதற்குள்ளேயே நடந்துவிடும், ஆகவே 150ஆம் பக்கச் சிக்கலே வராது. எம்.ஏ. சுசீலாவின் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரே விதி. ரஷ்யப் பெயரில் நடுவில் வருவது தகப்பன் பெயர், நம் இன்ஷியல் மாதிரி. ஆனால் அவர்கள் மரியாதையாக விளிக்கும்போது அதையும் சேர்த்தே சொல்வார்கள். ஆணுக்கு -ஓவிச், -எவிச். பெண்ணுக்கு -ஓவ்னா, -எவ்னா. இந்த நாவலின் நாயகன் ரோதியன் ரொமானோவிச் என்றால் ரோமனின் மகன், குடும்பப் பெயர் ரஸ்கோல்னிகோவ், வீட்டில் ரோத்யா. அவ்தோத்யா ரொமானோவ்னா அவன் தங்கை, செல்லமாகத் துனியா. நடுப்பெயர் ஒத்துப்போவதிலிருந்தே உடன்பிறப்பு என்று பிடித்துவிடலாம். எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதில் நெருக்கமும் தெரியும்.

நூல்முனை:
நன்றி. துனியா வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் புத்தகம் விளங்காதுதான்! இன்னும் இரண்டு கேள்வி. ஹ்யூகோவின் முழு நூலில் வாட்டர்லூ போரைத் தாண்டிவிடலாமா? மார்க்வெஸின் ‘நூறாண்டுத் தனிமை’க்கு குடும்ப மரத்தை முன்பே பார்க்கலாமா?

ஓரக்குறிப்பு:
வாட்டர்லூ இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் 19 அத்தியாயம். முதல் 18ஐ வேகமாகப் புரட்டலாம், 19ஐ மட்டும் விடாதீர்கள். இரவில் போர்க்களத்தில் நடக்கும் அந்தச் சின்னச் சம்பவத்தில்தான் நாவலின் இளம் நாயகன் மரியஸின் கதைக்கான முடிச்சு விழுகிறது. ஐந்தாம் பாகத்தில் பாரிஸின் சாக்கடை வரலாறு வரும். கதை உச்சத்தில் இருக்கும்போது ஆறு அத்தியாயம்! அதைத் தாண்டினாலும் கதை அறுபடாது, பிறகு வந்து படித்துக்கொள்ளலாம். ‘போரும் வாழ்வும்’ முடிவுரையின் இரண்டாம் பகுதியும் இதே வகை. அதில் ஆட்களே இல்லை, வரலாறு எப்படி இயங்குகிறது என்ற வாதம்தான்.

கடைசி அத்தியாயம்:
மார்க்வெஸுக்கு அச்சிட்ட மரத்தைப் பார்க்காதீர்கள். யார் யாரை மணந்தார், யாருக்குப் பிள்ளை என்பதிலேயே பாதிக் கதை வெளியே வந்துவிடும். வெற்றுத்தாளில் நீங்களே வரைந்துகொண்டு போங்கள், ஏழு தலைமுறைக்கு இடம் விட்டு. அவுரேலியானோ என்ற பெயர்க்காரர்கள் ஒதுங்கியிருப்பவர்கள், ஹோசே அர்காதியோக்கள் முரட்டு வேகம் உள்ளவர்கள். இரட்டையரிடம் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே குழம்பினால் தவறு உங்களுடையதல்ல, சிறுவயதில் அவர்கள் மாறிவிட்டார்களோ என்று குடும்பத்தின் மூத்த தாய் உர்சுலாவுக்கே சந்தேகம்.

அச்சுப்பக்கம்:
ஒரு மாதம் இடைவெளி விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், அப்படித்தான் முதல் 150 பக்கம் மட்டும் மனப்பாடமாகிறது. தாளைப் பார்த்துவிட்டு, நிறுத்திய இடத்துக்குப் பத்துப் பக்கம் முன்னாலிருந்து படியுங்கள்.