கான்டாக்டர் விடுபடும்போது ஈஎஸ்பி32 ரீசெட் ஆகிறது – வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாக ஓட்டி, நிரம்பியதும் நிறுத்துவதற்காக, ஈஎஸ்பி32 என்னும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி போர்டும் நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சாரும் கொண்டு ஓர் அமைப்பைச் செய்துவருகிறேன். 1 ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், 10 ஆம்பியர் ரிலேயை நம்பாமல், அது கான்டாக்டரின் (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய மின்காந்தச் சுவிட்ச்) காயிலை மட்டும் இயக்கும்படி இணைத்துள்ளேன். ஆனால் கான்டாக்டர் ‘டக்’ என்று விடுபடும் அதே நொடியில் போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. கான்டாக்டரைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் இயக்கினால் இத்தொல்லை இல்லை. 230 வோல்ட் காயில் துண்டிக்கப்படும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலே காரணம் என்று கருதுகிறேன். காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் தொடராக இணைத்த ஸ்னப்பர் (துள்ளலைத் தணிக்கும் சுற்று) போதுமா, வாரிஸ்டரும் (மின்னழுத்தம் அளவு மீறும்போது அதைக் கட்டுப்படுத்தும் பாகம்) வேண்டுமா என்பதைச் செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.